நாலு காமிரா, ஒரே ஆள்! தோள் பைக்குள் டி.வி. நிலையம்!

கல்யாண வீட்டிலும் கோவில் கொடையிலும் தனி ஆளாக "லைவ்" காட்டும் இளைஞர்கள். ஒரு பட்டன் தவறினால் தாலி கட்டும் காட்சியே போச்சு!

கோவில்பட்டி வட்டாரத்தில் கல்யாண மண்டபங்களுக்குப் போகிறவர்கள் இப்போது ஒரு புதுக் காட்சியைப் பார்க்கிறார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேஜை. அதன் மேல் டிபன் பாக்ஸ் கனத்தில் ஒரு பெட்டி. பக்கத்தில் ஒரு டி.வி. திரை. காதில் ஹெட்போன் மாட்டிய ஒரே ஒரு ஆள். மூன்று காமிராக்கள் ஸ்டாண்டில் தனியாக நிற்கின்றன. நாலாவது, மணவறைக்குப் பக்கத்தில் ஒரு செல்போன்.

அந்த ஒரு ஆள்தான் காமிராமேன். அவரேதான் எடிட்டர். சவுண்டுக்காரரும் அவரே. ஒளிபரப்பு நிலைய அதிகாரியும் அவரே!

அவர் பட்டனைத் தட்டத் தட்ட காட்சி மாறுகிறது. அந்தப் படம் அதே நேரத்தில் துபாயிலும் மும்பையிலும் சிங்கப்பூரிலும் உள்ள சொந்தக்காரர் கைப்பேசிக்குப் போகிறது. கல்யாணம் முடிந்து பந்திக்கு இலை போடும்போதே எடிட்டிங்கும் பெருமளவு முடிந்துவிடுகிறது.

எப்படி வந்தது இந்த வித்தை? இதில் லாபம் யாருக்கு? ஆபத்து எங்கே? விவரம் வருமாறு:

வேன் போய் பை வந்தது

சென்னையில் தூர்தர்ஷன் நிலையம் 1975 ஆகஸ்ட் 15-ந் தேதி தொடங்கியது. அந்தக் காலத்தில் ஒரு நிகழ்ச்சியை வெளியிடத்திலிருந்து நேரடியாகக் காட்ட வேண்டுமானால் ஓ.பி. வேன் வர வேண்டும். வேனுக்குள் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். காமிராவுக்கு ஒரு ஆள், காட்சி மாற்ற ஒரு ஆள், ஒலிக்கு ஒரு ஆள், உத்தரவு போட ஒரு ஆள்.

கரிசல் காட்டுக் கிராமத்துக்கு வேன் எங்கே வரும்? டவுன் பஸ் வந்தாலே பெரிய காரியம்!

1980-களில் கல்யாண வீடியோ வந்தது. டேப் ஓடும் பெட்டியைத் தோளில் தொங்கவிட்டு, கண்ணைக் கூசும் லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் பின்னால் ஓடுவான். அடுத்து மிக்சிங் வந்தது. மணமக்கள் முகம் இதய வடிவத்துக்குள் சுழன்று வந்து நிற்கும். வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஆனால் அது பெரும்பாலும் பிறகு கடையில் உட்கார்ந்து செய்த வேலை. காசெட் கைக்கு வர மாசக்கணக்கில் ஆகும்.

2005-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த நியூடெக் கம்பெனி "டிரைகாஸ்டர்" என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. பல காமிராக்களை இணைத்து, காட்சி மாற்றி, எழுத்துப் போட்டு, இணையத்திலும் அனுப்பும் வேலையை ஒரே பெட்டி செய்தது. வேன் பைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் விலை? சாதாரண ஸ்டுடியோக்காரருக்கு எட்டாத உயரம்.

விலையை உடைத்த பெட்டி

2019 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து பிளாக்மேஜிக் கம்பெனி "ஏடெம் மினி" என்ற மிக்சரை அறிவித்தது. மிக்சர் என்றதும் கடலை மிட்டாய்க் கடை நினைவுக்கு வந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல. இது படத்தைக் கலக்கும் மிக்சர்!

நாலு காமிரா இணைக்கலாம். அறிவித்த விலை 295 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 21 ஆயிரம் ரூபாய், வரி தனி. சென்னையிலும் பெங்களூரிலும் பெரிய ஸ்டுடியோக்களில் மட்டும் இருந்த சமாச்சாரம், ஒரு நல்ல செல்போன் விலைக்கு இறங்கியது.

2020 ஏப்ரலில் அதன் அண்ணன் "மினி ப்ரோ" வந்தது. கம்ப்யூட்டர் இல்லாமலே நேராக யூடியூபுக்கு அனுப்பும். நாலு காமிராவும் ஒரே திரையில் தெரியும். அதே ஆண்டு வந்த "ஐ.எஸ்.ஓ." ரகம் நாலு காமிராவையும் தனித்தனியாகவும் பதிவு செய்துவிடும். சீனத்து "யோலோபாக்ஸ்" ரகத்தில் திரை, பாட்டரி, சிம் கார்டு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. கையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பெட்டி வந்த நேரம் பாருங்கள்! 2020 மார்ச் மாதக் கடைசியில் ஊரடங்கு. கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு உத்தரவு. கூடப் பிறந்தவர்களே வர முடியாத கல்யாணங்கள் நடந்தன. அப்போதுதான் "லைவ்" என்ற சொல் பத்திரிகை அடிக்கிற வீடுகளில் புகுந்தது. நோய் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது.

உள்ளே நடப்பது என்ன?

நம் நாட்டு டி.வி. முறையில் காமிரா ஒரு வினாடிக்கு 25 படம் அனுப்புகிறது. நாலு காமிரா என்றால் நாலும் தனித்தனி தாளத்தில் ஓடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது தாளம் தப்பினால் திரை குதிக்கும். இதனால்தான் பழைய ஓ.பி. வேனில் எல்லாக் காமிராவையும் ஒரே தாளத்தில் கட்டிப்போடத் தனிக் கம்பி இழுத்தார்கள்.

புதிய பெட்டியில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்ன நினைவுத்தட்டு இருக்கிறது. வரும் படத்தை ஒரு கணம் பிடித்து வைத்து, பெட்டியின் தாளத்துக்கு ஏற்ப விடுகிறது. அதனால் செல்போனையும் பழைய காமிராவையும் பக்கத்தில் பக்கத்தில் செருகலாம். சண்டை வராது.

இதில் ஒரு வினை உண்டு. படம் ஒரு கணம் பிந்துகிறது, ஆனால் மைக் வழியாக வரும் நாதஸ்வரம் பிந்துவதில்லை. உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று ஆகும். தெரிந்தவர் ஒலியையும் அதே அளவு பிந்த வைப்பார். தெரியாதவர் படம் பழைய டப்பிங் படம் மாதிரி இருக்கும்.

சீரியல் செட் வெளிச்சமும் பிரச்சினைதான். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. காமிராவின் ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைக்காவிட்டால் மணவறை முழுக்க மின்னி மின்னி வரிக்குதிரைக் கோடு ஓடும்.

முகூர்த்த நேரம்!

ஒரு முகூர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்றாம் நம்பர் காமிரா மண்டபத்தின் நடுவில், பின்னால். மேடை முழுவதும் அதில் தெரியும். இரண்டாம் நம்பர் மாப்பிள்ளை பொண்ணு முகத்துக்கு நேரே. மூன்றாம் நம்பர் பக்கவாட்டில், பெற்றோர் மேல். நாலாவது செல்போன், ஓமகுண்டத்துக்கு.

தனி ஆளுக்கு முதல் விதி: எல்லாம் போச்சு என்றால் ஒன்றாம் நம்பரைத் தட்டு! அகலக் காட்சியில் தலை வெட்டாது, ஆள் தவறாது. அதை "அடைக்கல காமிரா" என்றே சொல்லலாம்.

இரண்டாம் விதி: மேடையைப் பார்க்காதே, அய்யரின் கையைப் பார்! தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்குச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால் அடுத்தது கெட்டிமேளம். அந்த நேரத்தில் விரல் இரண்டாம் நம்பரில் இருக்க வேண்டும்.

மூன்றாம் விதி: சொந்தக்காரர் முதுகு! கெட்டிமேளம் கொட்டியதும் பத்துப் பேர் எழுந்து செல்போனைத் தூக்குவார்கள். நேர் காமிரா முழுவதும் முதுகுதான். அதற்காகவே பக்கவாட்டுக் காமிரா ஆள் உயரத்துக்கு மேல் நிற்க வேண்டும்.

முகூர்த்தம் திரும்ப வராது. "இன்னொரு தரம் கட்டுங்க மாப்ள" என்று கேட்க முடியுமா? தலை நரைத்த பிறகும் அந்த வீட்டில் இதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

இங்கேதான் தனித்தனிப் பதிவு கை கொடுக்கிறது. நேரடியில் தப்பாகத் தட்டியிருந்தாலும் நாலு படமும் வட்டில் பத்திரமாக இருக்கும். எந்த நேரத்தில் எந்தப் பட்டனைத் தட்டினார் என்ற கணக்கையும் அந்தப் பெட்டி எழுதி வைத்துவிடுகிறது. பிறகு கம்ப்யூட்டரில் தப்பான வெட்டை மட்டும் மாற்றினால் போதும்.

"கட்டியாச்சா?" "இன்னும் கட்டலையே!"

நேரடி என்று பெயர்தானே தவிர, இணையத்தில் படம் சில வினாடி பிந்தித்தான் போகும். அரை நிமிடம் வரைகூடப் பிந்துவது உண்டு. அதனால் வேடிக்கை நடக்கும்.

"அண்ணாச்சி, தாலி கட்டியாச்சு! பாத்தீகளா?" என்று மண்டபத்திலிருந்து தம்பி போன் செய்வார். "இங்க இன்னும் மாலையே மாத்தலையேடா!" என்பார் துபாய் அண்ணாச்சி. லைவ் நின்றுபோச்சு என்று நினைத்து, மேஜைக்காரரிடம் ஓடிவந்து சண்டை போடுகிறவர்களும் உண்டு. முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

53 நிமிடத்தில் காலி!

பெரும்பாலான லைவ்கள் விழுவது காமிராவால் அல்ல, டேட்டாவால்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிவான படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட் அனுப்புவதாக வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜி.பி. ஆகிறது. மூன்று மணி நேர முகூர்த்தத்துக்கு ஆறேமுக்கால் ஜி.பி.! ஒரு நாளைக்கு 2 ஜி.பி. என்ற பாக் போட்ட சிம்மைச் செருகினால் 53 நிமிடத்தில் தீர்ந்துவிடும். மாப்பிள்ளை அழைப்பு தெரியும், தாலி தெரியாது!

தரத்தைக் குறைத்து இரண்டரை மெகாபிட்டில் அனுப்பினால் அதே 2 ஜி.பி. ஒன்றேமுக்கால் மணி நேரம் தாங்கும். சின்னத் திரை செல்போனில் பார்க்கிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

திருவிழாக் கூட்டத்தில் இன்னொரு தொல்லை. செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் தேரோட்டம், கழுகுமலைப் பங்குனி உத்திரம் போன்ற நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் செல்போனைத் திறந்தால் டவர் திணறிவிடும். காலையில் சோதனை செய்தபோது பறந்த நெட், தேர் நிலையை விட்டுக் கிளம்பும்போது படுத்துவிடும். இதற்கு வழி, பக்கத்துக் கடையிலோ வீட்டிலோ உள்ள கம்பி வழி இன்டர்நெட்டை அனுமதி கேட்டு வாங்கி, லான் கேபிள் இழுப்பது. இல்லாவிட்டால் வெவ்வேறு கம்பெனியின் இரண்டு சிம்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. யூடியூபில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், முதல் தடவை நேரடி வசதி திறப்பதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்தால் நடக்காது!

பாட்டால் வரும் வினை

கல்யாண ஊர்வலத்திலும் கல்யாணம் சார்ந்த விசேஷத்திலும் பாட்டுப் போடுவதற்கு 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் யூடியூபின் இயந்திரக் காதுக்கு மண்டபம் எது, சினிமா கொட்டகை எது என்று தெரியாது. ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு கேட்டால் நேரடி ஒளிபரப்பை இடையில் நிறுத்தி வைக்கும் வசதி அதற்கு உண்டு.

அனுபவசாலிகள் என்ன செய்கிறார்கள்? ஸ்பீக்கர் ஒலியை நம்பாமல் மணவறையில் தனி மைக் வைக்கிறார்கள். ரெக்கார்டு பாட்டு ஓடும்போது ஒலியைத் தணிக்கிறார்கள்.

ஹாக்கி மைதானத்தில்...

கோவில்பட்டிக்கு "ஹாக்கிப்பட்டி" என்றே ஒரு பெயர் உண்டு. 2022-ல் ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற ஆசிய கோப்பை இந்திய அணியில் கோவில்பட்டி மாரீஸ்வரன் ஆடினார். அதே அணியில் ஆடிய அரியலூர் கார்த்தி பயிற்சி பெற்றதும் கோவில்பட்டியில்தான். அதே ஆண்டு மே மாதம் ஆண்கள் ஜூனியர் தேசிய ஹாக்கிப் போட்டியும் இங்கே நடந்தது.

இந்த ஊரில் பள்ளிக்கூட ஹாக்கிப் போட்டியைக்கூட லைவில் காட்ட முடிந்தால் எத்தனை பையன்கள் வெளி உலகத்தின் கண்ணில் படுவார்கள்! தேர்வாளர் ஊருக்கு வராவிட்டாலும் ஆட்டம் அவர் கைக்குப் போகுமே.

ஆனால் மண்டபம் வேறு, மைதானம் வேறு. ஹாக்கி ஆடுகளத்தின் நீளம் 91.4 மீட்டர். அகலம் 55 மீட்டர். சைடில் நடுக்கோட்டருகே மேஜை போட்டால், அங்கிருந்து கோலுக்குப் பின்னால் உள்ள காமிராவுக்கு நேர்கோட்டிலேயே 50 மீட்டருக்கு மேல் வருகிறது. மலிவுப் பெட்டிகள் எல்லாம் எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஓடுகின்றன. அந்தக் கேபிள் 10, 15 மீட்டரைத் தாண்டினால் படம் தள்ளாடும். தூரத்துக்கு எஸ்.டி.ஐ. கேபிளோ ஒயர்லெஸ் கருவியோ வேண்டும். செலவு ஏறும்.

பணம் இல்லாதவர் என்ன செய்வது? நடுக்கோட்டில் உயரமான பரண். அதில் அகலக் காட்சிக்கு ஒன்று, பந்தைத் துரத்த ஒன்று என இரண்டு காமிரா பக்கத்தில் பக்கத்தில். கோல் பக்கம் செல்போன். தனி ஆளுக்கு இதுவே போதும்.

கொக்கி போடாதீர்!

கிராமத்துக் கொடையில் ராத்திரி வில்லுப்பாட்டு லைவ் என்றால் கரண்ட் எங்கிருந்து? தெருக் கம்பத்தில் கொக்கி போடுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இது மின்சாரத் திருட்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடம் உண்டு. தண்டனையை விடுங்கள், உயிர் போனால் வருமா?

ஏடெம் மினி போன்ற பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடுபவை. தகுந்த பாட்டரியும் இணைப்பும் இருந்தால் கரண்டே வேண்டாம். கரண்ட் போனாலும் லைவ் நிற்காது.

கேபிளைத் தரையில் அப்படியே விடுவதும் ஆபத்து. பந்திக்கு ஓடுகிற கூட்டத்தில் ஒரு பாட்டி தடுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? சுவரோரமாக இழுத்து, கடக்கும் இடத்தில் டேப் ஒட்டி, மேலே பாய் போடுவது அவசியம்.

போலீசுக்கும் உதவும்

கல்யாண வீட்டில் நகைத் திருட்டு புதிதல்ல. மூன்று மணி நேரம் கண் இமைக்காமல் ஓடிய நாலு காமிரா பதிவு, மணமகள் அறைப் பக்கம் யார் வந்தார், மொய் மேஜைப் பக்கம் யார் போனார் என்று காட்டலாம்.

ஆனால் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் மட்டும் கோர்ட்டில் செல்லாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும். ஆகவே அசல் பதிவை உடனே அழித்துவிடாமல் சில நாளாவது வைத்திருப்பது நல்லது.

இன்னொரு பக்கமும் உண்டு. சாப்பிடுகிறவர், தூங்கும் குழந்தை, சேலை சரிசெய்யும் பெண் என்று கண்டதையெல்லாம் உலகத்துக்குக் காட்டுவது முறையல்ல. லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும்படி வைக்கும் வசதி யூடியூபில் இருக்கிறது. பல வீடுகளில் இது தெரியாமல் எல்லாருக்கும் திறந்து விடுகிறார்கள்.

மூணு பேர் கூலி எங்கே?

இந்த ஊருக்கு இயந்திரம் புதிதல்ல. தீப்பெட்டி ஆபீசில் கையால் குச்சி அடுக்கிய காலம் போய், இயந்திரம் வந்தபோது என்ன நடந்தது என்று கோவில்பட்டிக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை வேகமானது. கைகள் குறைந்தன.

வீடியோத் தொழிலிலும் அதேதான். முன்பு ஒரு கல்யாணத்துக்குக் காமிரா ஆட்கள், மிக்சிங் ஆள், லைட் பிடிக்கும் பையன் என்று நாலைந்து பேர் போவார்கள். நாலு இலை விழும். லைட் பிடித்த பையன்தான் நாளை காமிராமேன். தொழில் அப்படித்தான் கைமாறியது. இப்போது ஒரு இலை.

அந்த ஒரு இலையும் ஆறிப்போகிறது என்பதுதான் உண்மை. தனி ஆள் மேஜையை விட்டு எழ முடியாது. விடிகாலை முகூர்த்தத்துக்கு ராத்திரியே வந்து கேபிள் இழுத்தவர், கடைசிப் பந்தியில்தான் உட்கார்கிறார். ஆள் மிச்சமானதே என்று வீட்டார் கூலியையும் குறைக்கப் பார்க்கிறார்கள். பெட்டிக்கும் காமிராவுக்கும் கட்டுகிற வட்டி மட்டும் குறைவதில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வேனும் ஸ்டுடியோவும் இல்லாத ஒரு கிராமத்துப் பையன், கடன் வாங்கியாவது ஒரு பெட்டியை வாங்கிச் சொந்தக் காலில் நிற்கிறான். எட்டயபுரத்தில் டிசம்பர் 11-ந் தேதி பாரதி பிறந்தநாள் விழா நடந்தாலும், பக்கத்து ஊரில் அம்மன் கொடை நடந்தாலும் அதை உலகத்துக்குக் காட்டச் சென்னையின் தயவு தேவையில்லை. இது சின்ன விஷயமா?

இரண்டு பேராகப் போவதுதான் நல்ல வழி என்பது தெளிவு. ஒருவர் மேஜையில், ஒருவர் கையில் காமிராவுடன். ஒரு பையனுக்குத் தொழிலும் கிடைக்கும், பெரியவருக்குச் சூடாகச் சாப்பாடும் கிடைக்கும்.

கல்யாண வீட்டார் கவனிக்க!

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்.

நெட் எது, மாற்று நெட் உண்டா?

கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்?

நாலு காமிராவும் தனியாகப் பதிவாகுமா?

லிங்க் எல்லாருக்குமா, சொந்தக்காரருக்கு மட்டுமா?

பதிவை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?

ஐந்துக்கும் பதில் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். அவரிடம் கூலியில் பேரம் பேசாதீர்கள். முதல் பந்தியில் ஒரு இலையையும் மேஜைக்கே அனுப்பி வையுங்கள்!